காந்தியிடமும் பெரியாரிடமும் மாறுபட்டுப் பேசியவர்: சிராவயல் ஆசிரமத்து ஜீவாவின் கதை

சிராவயல்னு சொன்னாலே பலருக்கும் பொங்கல் சமயத்து மஞ்சுவிரட்டுதான் ஞாபகம் வரும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1927 செப்டம்பரில் மகாத்மா காந்தி இங்கே வந்தார். இங்கிருந்த ஆசிரமத்தில் 20 வயது இளைஞர் ஒருவரைச் சந்தித்தார். அந்த இளைஞர் அதற்கு முன் காந்திக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பாராட்டுக் கடிதம் இல்லை. காந்தி மேடையில் பேசிவந்த ஒரு கருத்தை ஏற்க முடியாது என்று சொன்ன கடிதம்.

அந்த இளைஞர்தான் ப.ஜீவானந்தம். தமிழ்நாட்டுக்கு அவர் ஜீவா. கம்யூனிஸ்ட் தலைவர், மேடைப் பேச்சாளர், பத்திரிகை ஆசிரியர், எம்.எல்.ஏ. என்று பல அடையாளங்கள் அவருக்கு உண்டு. ஆனா அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். எதிரணியிடம் சண்டை போட்டது மட்டுமல்ல, தான் மதித்த தலைவர்களிடமும், தான் இருந்த இயக்கத்திடமும் மாறுபட்ட கருத்தை வெளிப்படையாகச் சொன்னார்.

எதிரியைத் திட்டினால் நம்ம பக்கம் கைதட்டல் கிடைக்கும். நம்ம பக்கத்தையே கேள்வி கேட்டால் இரண்டு பக்கமும் சந்தேகமாகப் பார்க்கும். ஜீவா இதைத் தெரிந்தே செய்தார். அது எப்படி நடந்தது? அதற்கு என்ன விலை கொடுத்தார்?

சொரிமுத்து எப்படி ஜீவா ஆனார்?

1907 ஆகஸ்ட் 21-ல் பூதப்பாண்டியில் பிறந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். குலதெய்வம் சொரிமுத்து அய்யனார் என்பதால் வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. ஜீவானந்தம் என்பது பின்னால் வந்த பெயர். நடுவில் தனித்தமிழ் ஆர்வத்தில் அந்தப் பெயரையும் உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டு, பிறகு பழைய பெயருக்கே திரும்பினார்.

சாதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த ஊர் அது. ஒடுக்கப்பட்ட சமூகத்து நண்பனோடு சேர்ந்து நடப்பதும், அவனைக் கோயில் இருக்கும் தெருவுக்குக் கூட்டிப் போவதும் வீட்டுக்குள்ளேயே பிரச்சினை ஆனது. ஜீவாவின் முதல் கருத்து மோதல் எந்த அரசியல் மேடையிலும் நடக்கவில்லை. சொந்த வீட்டில், அப்பாவோடு நடந்தது. பதின்ம வயதிலேயே அவர் வீட்டை விட்டு வெளியேறினார்.

1924-ல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடப்பதற்கான உரிமை கேட்டு நடந்த சத்தியாகிரகம். ஜீவா அதில் கலந்துகொண்டார். பிறகு அவரது ஊருக்குப் பக்கத்திலேயே சுசீந்திரத்தில் நடந்த போராட்டத்திலும் இருந்தார்.

சேரன்மாதேவியில் என்ன நடந்தது?

அந்தக் காலத்தில் தேசபக்த இளைஞர்களைக் கவர்ந்த ஓர் இடம், திருநெல்வேலி சேரன்மாதேவியில் வ.வே.சு.ஐயர் நடத்திய குருகுலம். ஐயர் சாதாரண ஆள் இல்லை. லண்டன் வரை போய்ப் புரட்சிக் குழுவில் இருந்தவர். காங்கிரஸ் நிதி உதவியும் அந்தக் குருகுலத்துக்குக் கிடைத்தது.

ஆனா அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. விஷயம் வெளியே வந்ததும் தமிழ்நாடு காங்கிரஸே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. பெரியார் ஈ.வெ.ராமசாமி இதைக் கடுமையாக எதிர்த்தார். குருகுலத்தோடு தொடர்பில் இருந்த ஜீவாவும் எதிர்ப்பின் பக்கம் நின்றார், அங்கிருந்து விலகினார். தான் சேர்ந்து நின்ற இடத்தைத் தானே கேள்வி கேட்கும் பழக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது.

செட்டிநாட்டுக்கு வந்தது ஏன்?

இதற்குப் பிறகுதான் ஜீவா காரைக்குடி பக்கம் வந்தார். சிராவயலில் உள்ளூர் கொடையாளர் உதவியோடு காந்திய வழியில் ஓர் ஆசிரமம் நடந்தது. அதன் பொறுப்பு ஜீவாவிடம் வந்தது. நூல் நூற்பது, கதர், படிப்பு. இதோடு சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அவர் வேலையாக இருந்தது. மிச்ச நேரமெல்லாம் புத்தகம். தமிழ் இலக்கியத்தில் அவருக்கு இருந்த ஆழத்துக்கு இந்த வருடங்கள்தான் அடித்தளம்.

அன்றைய செட்டிநாட்டை இரண்டு கோணத்தில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம், பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிச் சம்பாதித்த நகரத்தார் கட்டிய பிரமாண்ட வீடுகள். தேசிய இயக்கத்துக்கும், தமிழ்ப் பணிக்கும் தாராளமாகக் கொடுத்த கைகள். 1917-ல் காரைக்குடியில் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919-ல் பாரதியாரே வந்து போயிருக்கிறார்.

மறுபக்கம், சாதி. அப்போது காரைக்குடி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது 8 தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை கூடாது. செருப்பு, குடை கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. அடுத்த வருடம் அந்தப் பட்டியல் 11 ஆக நீண்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இப்படிப்பட்ட பகுதியில் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது வெறும் சமூக சேவை கிடையாது. அது ஒரு நிலைப்பாடு. அதனால்தான் காந்தியின் ஒரு பேச்சு ஜீவாவை அவ்வளவு உறுத்தியது.

காந்திக்கு எழுதிய கடிதத்தில் பிரச்சினை என்ன?

1927-ல் காந்தி தமிழ்நாட்டில் நீண்ட சுற்றுப்பயணம் செய்தார். கதர் நிதி திரட்டுவது முக்கிய நோக்கம். போகிற இடமெல்லாம் தீண்டாமை பாவம் என்று பேசினார். அதே நேரம் வர்ணாசிரம தர்மத்தை ஆதரித்தும் பேசினார். ஏற்றத்தாழ்வு இல்லாமல், பரம்பரைத் தொழில் என்ற பொருளில் மட்டும் வர்ணத்தை ஏற்கலாம் என்பது அவர் வாதம்.

தீண்டாமை வேண்டாம், வர்ணம் இருக்கட்டும் என்ற இந்தப் பிரிப்புதான் ஜீவாவுக்குப் பிரச்சினை. பிறப்பை வைத்து ஒருவனின் வேலையைத் தீர்மானித்துவிட்டு, அதில் உயர்வு தாழ்வு வராது என்று எப்படி நம்புவது? வேரை வைத்துக்கொண்டு கிளையை மட்டும் வெட்டினால் போதுமா? இதே கேள்வியோடு பெரியாரும் அதே 1927-ல் பெங்களூருவில் காந்தியைச் சந்தித்து விவாதித்தார்.

பெரியார் அதற்குள் காங்கிரஸை விட்டு வெளியேறிவிட்டார். வயதிலும் அனுபவத்திலும் பெரியவர். ஜீவாவின் நிலை வேறு. அவர் நடத்தியது காந்திய ஆசிரமம். உடுத்தியது கதர். காந்தியை மறுத்தால் சுற்றியிருக்கும் தேசபக்தர்கள் என்ன நினைப்பார்கள், ஆசிரமத்துக்கு வரும் உதவி என்ன ஆகும் என்ற கணக்கெல்லாம் இருக்கத்தான் செய்யும். இருந்தும் எழுதினார். முணுமுணுக்கவில்லை, ஊரெல்லாம் புறம் பேசவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவருக்கே நேராகச் சொன்னார்.

செட்டிநாட்டுப் பயணத்தின்போது காந்தி சிராவயலுக்கு வந்தார். கடிதம் எழுதியவர் இவ்வளவு சின்னப் பையனா என்று அவர் ஆச்சரியப்பட்டதாகச் சொல்வார்கள். இருவரும் பேசினார்கள். உங்களுக்கு எவ்வளவு சொத்து இருக்கிறது என்று காந்தி கேட்டதாகவும், இந்த நாடுதான் என் சொத்து என்று ஜீவா பதில் சொன்னதாகவும், இல்லை, நீங்கள்தான் நாட்டின் சொத்து என்று காந்தி திருப்பிச் சொன்னதாகவும் ஒரு செய்தி இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது.

இந்தச் சம்பவத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, சந்திப்புக்குப் பிறகும் ஜீவா காந்தியை விட்டு ஓடிவிடவில்லை. சட்டமறுப்பு இயக்கத்தில் 1932-ல் சிறைக்குப் போகிற வரை காங்கிரஸ் வேலை செய்தார். ஒரு கருத்தில் மாறுபட்டால் உறவையே முறிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

இரண்டு, காந்தியின் பங்கு. நாடே கொண்டாடிய தலைவர், தன்னை மறுத்து எழுதிய 20 வயதுக்காரரைத் தேடி வந்து பேசினார். அதே பயணத்தில் காந்தியும் விருந்தோம்பிய செட்டிநாட்டுச் செல்வந்தர்களிடம், வீடு முழுக்க வெளிநாட்டு மேசை நாற்காலிகளை அடைத்து வைத்திருக்கிறீர்களே என்று முகத்துக்கு நேரே குறை சொன்னவர்தான். தான் சொல்வது போலவே, தனக்குச் சொல்லப்படுவதையும் கேட்கத் தெரிந்திருந்தார். வர்ணம் பற்றிய காந்தியின் பார்வை உடனே மாறிவிடவில்லை. ஆனா கடைசிக் காலத்தில், மணமக்களில் ஒருவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவராக இருக்கும் திருமணங்களுக்கு மட்டுமே தன் ஆசி என்று சொல்லும் அளவுக்கு அவர் நகர்ந்திருந்தார்.

பெரியாரோடு சேர்ந்தது, பிரிந்தது

சிறைதான் ஜீவாவைப் பொதுவுடைமைப் பக்கம் திருப்பியது. உள்ளே வட இந்தியப் புரட்சியாளர்களின் தொடர்பு கிடைத்தது. புத்தகங்கள் கிடைத்தன. வெளியே வந்தபோது தமிழ்நாட்டிலும் காற்று மாறியிருந்தது. சோவியத் ரஷ்யாவைப் பார்த்துவிட்டு 1932 இறுதியில் பெரியார் திரும்பியிருந்தார். சிங்காரவேலர் போன்றோரின் பங்களிப்போடு சுயமரியாதை இயக்கம் சமதர்மத்தைக் கையில் எடுத்தது. ஈரோட்டுத் திட்டம் என்று அழைக்கப்படுவது அதுதான். ஜீவா அதன் முன்னணிப் பிரசாரகர்களில் ஒருவர் ஆனார். சாதி ஒழிப்பும் சமதர்மமும் ஒரே மேடையில். அவருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனா ஆங்கிலேய அரசு சும்மா இருக்கவில்லை. குடி அரசு தலையங்கத்துக்காக 1933 டிசம்பரில் பெரியார் கைது செய்யப்பட்டார். 1934-ல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. இந்தச் சூழலில்தான், தூக்கிலிடப்பட்ட பகத்சிங் சிறையில் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையை ஜீவா தமிழில் மொழிபெயர்த்தார். பெரியாரின் இயக்கம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. 1935-ல் ஜீவாவும், பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைதானார்கள்.

வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும் என்பது பெரியாரின் முடிவு. அவருக்கு அதற்கான காரணம் இருந்தது. அரசு இயக்கத்தையே முடக்கிவிடும் என்ற நிலையில், சாதி ஒழிப்பு வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் கருதினார். ஜீவா அதற்குக் கட்டுப்பட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

ஜீவாவை வெறும் வீர நாயகனாக மட்டும் சொல்லும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். ஆனா அவர் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான். துணிச்சலான மனிதருக்கும் பணிந்து போகிற ஒரு நாள் வந்தது. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது.

சமதர்மப் பிரசாரத்தைத் தளர்த்தி, நீதிக்கட்சியை ஆதரிக்கும் திசையில் இயக்கம் நகர்ந்தபோது ஜீவா வெளிப்படையாக எதிர்த்தார். ஜமீன்தார்களும் ராஜாக்களும் நிறைந்த கட்சியோடு சமதர்மம் எப்படிப் போக முடியும் என்பது அவர் கேள்வி. எழுத மேடையும் பேச இடமும் கொடுத்த இயக்கம், அப்பா ஸ்தானத்தில் இருந்த தலைவர். இருந்தும் வெளியேறினார். 1936-ல் நண்பர்களோடு சேர்ந்து சுயமரியாதை சமதர்மக் கட்சி. அடுத்து காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி. பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. 1937 நவம்பரில் தொடங்கிய 'ஜனசக்தி' பத்திரிகைக்கு அவர் ஆசிரியர்.

நாத்திகர் எதற்குக் கம்பனைப் பேசினார்?

இங்கேதான் கதை மறுபடி காரைக்குடி பக்கம் திரும்புகிறது.

1939-ல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியது. தொடங்கியவர் சா.கணேசன், கம்பன் அடிப்பொடி என்று ஊர் அழைத்த காந்தியவாதி, காங்கிரஸ்காரர், பின்னாளில் சுதந்திரா கட்சி எம்.எல்.ஏ. பங்குனியில் காரைக்குடியில் விழா, அத்தத் திருநாளில் நாட்டரசன்கோட்டை கம்பன் சமாதியில் நிறைவு என்ற மரபு அப்போது உருவானது. பிறகு பல ஊர்களில் கம்பன் விழாக்கள் வந்தன.

சரியாக அதே காலத்தில் திராவிட இயக்கம் கம்பராமாயணத்துக்கு எதிராகக் கடும் பிரசாரம் செய்தது. ஆரியப் பண்பாட்டைத் தமிழில் புகுத்திய நூல், கொளுத்த வேண்டும் என்றது அந்தத் தரப்பு. 1943-ல் அண்ணாவுக்கும் ரா.பி.சேதுப்பிள்ளைக்கும், பிறகு சேலத்தில் அண்ணாவுக்கும் சோமசுந்தர பாரதியாருக்கும் நடந்த விவாதங்கள் புகழ்பெற்றவை. இளைஞர் கூட்டம் பெரும்பாலும் அண்ணா பக்கம்.

ஜீவா இந்த நேரத்தில் கம்பனைக் கையில் எடுத்தார். கம்பன் மேடைகளில் ஏறி மணிக்கணக்கில் பேசினார். பார்த்தவர்களுக்குக் குழப்பம். கடவுள் இல்லை என்பவர் ராமாயணம் பேசுவதா? பழைய சுயமரியாதை நண்பர்களுக்கு இது துரோகம். கட்சிக்குள் சிலருக்கோ, பழைய இலக்கியம் எல்லாம் நிலப்பிரபுத்துவக் குப்பை. பக்தர்களுக்கு ஒரு நாத்திகர் வாயிலிருந்து கம்பன் வருவது ஒவ்வாது. மூன்று பக்கமும் முணுமுணுப்பு.

ஜீவாவின் வாதம் எளிமையானது. கம்பனின் நம்பிக்கையை ஏற்பது வேறு, கம்பனின் கவிதையை மக்கள் சொத்தாகப் பார்ப்பது வேறு. ஏழையும் இல்லாமல், தனியாகப் பணக்காரன் என்று ஒருவனும் இல்லாமல் இருக்கிற ஒரு நாட்டைப் பல நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு தமிழன் கற்பனை செய்திருக்கிறான் என்றால், பொதுவுடைமைக்காரன் அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பாரதியாரையும் இதே போலத்தான் தூக்கிப் பிடித்தார். பிராமணக் கவிஞர் என்று ஒரு தரப்பு ஒதுக்கியபோது, தொழிலாளர் கூட்டங்களில் பாரதியைப் பாடிப் பேசினார்.

இந்தப் பார்வை அவரோடு முடிந்துவிடவில்லை. 1959-ல் 'தாமரை' இலக்கிய இதழ், 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றம் என்று அதற்கு நிறுவன வடிவமும் கொடுத்தார். இடதுசாரிகள் தமிழ் மரபைப் படிக்கவும் பேசவும் ஒரு பாதை அப்படித்தான் திறந்தது. அவர் மறைந்தபோது எழுத்தாளர் சுந்தர ராமசாமி எழுதிய 'காற்றில் கலந்த பேரோசை' கட்டுரை, கட்சிக்கு வெளியே இருந்தவர்களும் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சி.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரியா?

இல்லை. துணிச்சல் வேறு, சரியாக இருப்பது வேறு. 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஜீவாவின் கட்சி எதிர்த்தது. ஹிட்லருக்கு எதிரான போரில் சோவியத் ரஷ்யா இருக்கும்போது பிரிட்டனின் போர் முயற்சியைத் தடுக்கக் கூடாது என்பது கட்சியின் கணக்கு. நாடே அவர்களைத் துரோகிகள் என்றது. மக்களுக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்வதாலேயே அது உயர்ந்த கருத்து ஆகிவிடாது என்பதற்கு இதை உதாரணமாக இன்றும் பலர் காட்டுவார்கள்.

அதேபோல நீதிக்கட்சி விஷயத்தில் பெரியாருக்கும் ஜீவாவுக்கும் நடந்த வாதம் இன்னும் முடியவில்லை. சாதியை முதலில் உடைப்பதா, வர்க்கத்தை முதலில் உடைப்பதா என்று தமிழ்நாட்டு அரசியல் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

என்ன விலை கொடுத்தார்?

வீடு போனது. அடுத்தடுத்துச் சிறை. கட்சி தடை செய்யப்பட்ட 1940-களின் கடைசியில் தலைமறைவு வாழ்க்கை. ஒவ்வொரு இயக்கத்திலிருந்து விலகும்போதும் நண்பர் வட்டமே மாறியது.

1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டை தொகுதியில் ஜெயித்து சட்டமன்றம் போனார். அங்கே தமிழ் ஆட்சிமொழி ஆக வேண்டும், தமிழ் பேசும் மக்களுக்கு மொழிவழி மாநிலம் வேண்டும் என்று குரல் கொடுத்தார். அதே நேரம், தனித் திராவிட நாடு கோரிக்கைக்குப் பெரும் ஆதரவு பெருகிவந்த காலத்தில் அதை ஏற்க மறுத்தார். தமிழுக்காகப் பேசியதால் கிடைத்த கைதட்டலை, பிரிவினையை மறுத்ததால் இழந்தார்.

எம்.எல்.ஏ. ஆன பிறகும் சொத்து எதுவும் சேரவில்லை. தாம்பரத்தில் குடிசைப் பகுதியில் வாழ்ந்தார். முதல்வர் காமராஜர் அந்தக் குடிசையைப் பார்த்துவிட்டு வீடு தர முன்வந்ததாகவும், சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் வீடு கிடைத்த பிறகு எனக்குப் பார்க்கலாம் என்று ஜீவா மறுத்ததாகவும் சொல்லப்படுகிறது. 1963 ஜனவரி 18-ல், 55 வயதில் காலமானார்.

இன்றைக்கு இதில் என்ன இருக்கு?

ஜீவா காலத்தில் சமூக வலைதளம் இல்லை. ஆனா கூட்டத்தோடு ஒத்துப்போகச் சொல்லும் அழுத்தம் இருந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் மேலதிகாரி சொல்வது தப்பு என்று தெரிந்தும் தலையாட்டுகிற இடம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சாதிப் பெருமைப் பதிவைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிற இடம் எல்லாம் அதே அழுத்தத்தின் இன்றைய வடிவங்கள்தான்.

அவர் மாறுபட்ட விதத்தில் சில பழக்கங்கள் தெரிகின்றன. சொல்ல வேண்டியவரிடம் நேராகச் சொன்னார். ஆளைத் தாக்காமல் கருத்தை மறுத்தார். ஒத்துப்போகிற விஷயங்களில் சேர்ந்து வேலை செய்தார். இனி முடியாது என்றபோது மறைக்காமல் விலகினார். ஒருமுறை பணிந்துபோனதை அத்தோடு கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாமல், அடுத்த முறை பேசினார். கூடவே, மாற்றுக்கருத்து சொல்கிறவருக்குத் துணிச்சல் தேவைப்படுவது போல, அதைக் கேட்கிறவருக்குப் பெருந்தன்மை தேவை. சிராவயலில் 1927-ல் இந்த இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன.

காரைக்குடி போகிறவர்கள் பெரிய வீடுகளைப் பார்ப்பார்கள், ஆத்தங்குடி கல் வாங்குவார்கள், செட்டிநாட்டுச் சாப்பாடு சாப்பிடுவார்கள். நேரம் இருந்தால் சிராவயல் வரைக்கும் போய் வரலாம். மஞ்சுவிரட்டுக்கு மட்டுமல்ல, ஒரு கடிதத்துக்காகவும் நினைவில் இருக்க வேண்டிய ஊர் அது.